மைக்ரோவேவ் நின்றுவிட்டதா? கவரைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

"தம்பி, நல்லா ஓடிக்கிட்டிருந்த மைக்ரோவேவ் திடீர்னு நின்னுபோச்சு. லைட்கூட எரியல." மதுரை கே.கே. நகரில் இருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் போன் செய்தார். "அம்மா, அதே பிளக் பாயிண்ட்ல மிக்ஸியப் போட்டுப் பாருங்க" என்றேன். மிக்ஸியும் ஓடவில்லை. நேரில் போய்ப் பார்த்தால், பெரிய பிளக்கை கன்வெர்ட்டர் வழியாகச் சின்ன சாக்கெட்டில் செருகியிருந்தார். சாக்கெட்டுக்குள் வயர் கருகிப் போயிருந்தது. மைக்ரோவேவில் ஒரு கோளாறும் இல்லை.

பதினெட்டு வருடமாக மைக்ரோவேவ் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். அதனால்தான் பிளக்கில் இருந்து தொடங்கச் சொல்கிறேன். சூடாக்க, வேகவைக்க மட்டும் உதவும் சாதாரண சோலோ மாடலே 5 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேக்கும் சுடக்கூடிய கன்வெக்‌ஷன் மாடல் 9, 10 வரை போகும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் கன்வெர்ட்டரும் அதற்குத் தாங்காது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பிளக்கை உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தாலோ, பின் கறுத்திருந்தாலோ முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிஸ்ப்ளே எரிகிறது, ஸ்டார்ட் அழுத்தினால் ஓடவில்லை என்றால் சைல்டு லாக் விழுந்திருக்கிறதா பாருங்கள். சாவி அல்லது பூட்டுப் படம் தெரியும். பல மாடல்களில் ஸ்டாப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

அது இல்லையென்றால் கதவுதான். என் கைக்கு வரும் கோளாறுகளில் நிறைய இந்தக் கதவில்தான் ஆரம்பிக்கின்றன. கதவின் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். மூடும்போது அவை எதிரே உள்ள துளைகளுக்குள் போய், உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சுகளை அழுத்தும். பெரும்பாலும் மூன்று ஸ்விட்சுகள். கொக்கி உடைந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கதவு சரியாக மூடவில்லை என்று மெஷின் நினைத்துக்கொண்டு நின்றுவிடும். அந்தத் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். சோற்றுப் பருக்கை காய்ந்து அடைத்திருந்ததை நானே எடுத்திருக்கிறேன். பிளக்கை உருவிவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அந்த மூன்றில் ஒன்று காவல்காரன் மாதிரி. மற்ற ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு, கதவு திறந்தும் கரண்ட் போகிற நிலை வந்தால், வேண்டுமென்றே ஷார்ட் ஆகி ஃபியூஸை ஊதிவிடும். திறந்த கதவு வழியாக மைக்ரோவேவ் அலை நம் மேல் படக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஃபியூஸ் போனால் புது ஃபியூஸ் மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள். ஒரு வீட்டில் ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்.

அடுத்தது: லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் சூடாகவில்லை. முதலில் மைக்ரோ மோடில்தான் இருக்கிறதா, பவர் குறைவாக வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் 200 மில்லி தண்ணீரைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, ஒரு மரக்குச்சியையும் போட்டு, முழு பவரில் இரண்டு நிமிடம் வையுங்கள். குச்சி இல்லாவிட்டால் தண்ணீர் குமிழ் விடாமலே கொதிநிலையைத் தாண்டி, தொட்டதும் பொங்கித் தெறிக்கலாம். 800 வாட்ஸ் மெஷின் என்றால் அந்த நேரத்துக்குள் கொதி வந்துவிட வேண்டும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள். கோடையில் சாயங்காலம் 180க்கு இறங்கும் தெருக்களில் சூடு நன்றாகவே குறையும்.

தண்ணீர் கொஞ்சம்கூடச் சூடாகாமல் இருந்தால் உள்ளே இருக்கும் டயோடு, கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர், டிரான்ஸ்பார்மர், மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கும். வழக்கத்தைவிடப் பலமாக 'உர்ர்' என்று உறுமினால் எனக்கு முதல் சந்தேகம் டயோடு மேல்தான். ஆனால் தயவுசெய்து இதை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் ஏறக்குறைய 4,000 வோல்ட்டாக மாறுகிறது. பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவுக்குச் சார்ஜ் நிற்கலாம். டிவி, மிக்ஸி எல்லாம் பிரித்துப் பழகியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

உள்ளே பொறி பறந்தால் உடனே நிறுத்துங்கள். தங்க ஓரம் போட்ட கிண்ணமோ ஃபாயிலோ இல்லையென்றால், உட்சுவரில், பெரும்பாலும் வலது பக்கம், ஒட்டியிருக்கும் அட்டை மாதிரியான தகட்டைப் பாருங்கள். அதுதான் மைக்கா ஷீட். குழம்பு தெறித்து, எண்ணெய் ஊறி, அந்த இடம் கரியாகிவிட்டால் கரியிலேயே பொறி பிடிக்கும். நடுவில் கறுப்பு வட்டமோ ஓட்டையோ தெரியும். பிளக்கை உருவி, கிளிப்பை அல்லது திருகை விலக்கி அதை எடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் புது ஷீட் மலிவாகவே கிடைக்கும். பழையதை மேலே வைத்து பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டுங்கள். அவசரப்பட்டால் அடுக்கடுக்காகப் பிரியும். மாட்டும் முன் பின்னால் உள்ள எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள். ஷீட் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். ஆவியும் எண்ணெயும் நேராக மேக்னட்ரானுக்குப் போய்ச் சேரும்.

தட்டு சுற்றவில்லை என்றால் உருளை வளையத்தையும் நடுவில் தட்டைச் சுழற்றும் கப்ளரையும் கழுவி மாட்டுங்கள். கப்ளர் தேய்ந்திருந்தால் புதிது போடலாம். அதற்குப் பிறகும் சுற்றாவிட்டால் மோட்டார்.

நம் ஊரில் இன்னொன்று இருக்கிறது: பல்லி. கதகதப்புக்காகக் காற்று போகும் துளை வழியாக உள்ளே போய், கன்ட்ரோல் போர்டில் குறுக்கே கிடந்து, அதுவும் செத்து போர்டையும் எரித்துவிடும். இதற்குப் பயந்து அந்தத் துளைகளைத் துணியாலோ டேப்பாலோ அடைக்காதீர்கள். காற்று இல்லாமல் மேக்னட்ரான் சூடேறி, பாதியில் தானாக நிற்கும். பின்பக்கமும் மேலேயும் ஒரு சாண் இடம் விட்டு, ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே இல்லாத இடமாக வையுங்கள். லைட்டுக்கு வரும் பூச்சியைத் தேடித்தான் பல்லி அந்தச் சுவருக்கே வருகிறது.