ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்: தகட்டைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை

என் டவர் ஸ்பீக்கரின் பின்பக்கம் நான்கு டெர்மினல்கள். மேலே ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. கீழேயும் அப்படியே ஒரு ஜோடி. மேல் ஜோடி உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபருக்கு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி விரல் நீளத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள். வீட்டில் சும்மா கிடந்த சின்ன கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயரை (ஆம்ப்) ட்வீட்டருக்கும், பெரிய ஆம்பை வூஃபருக்கும் கொடுக்கலாம் என்று இறங்கினேன். வேலை முடிய மூன்று வாரம் ஆனது. நடுவில் அந்தச் சின்ன ஆம்ப் போயே போய்விட்டது. அந்த நஷ்டம் உங்களுக்கு வரக்கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 100 வாட் ஆம்ப் இரண்டு போட்டால் 200 வாட் கிடைக்கும் என்பார்கள். கிடைக்காது. ஸ்பீக்கருக்குள் உச்ச ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் அப்படியேதான் இருக்கிறது. அதனால் இரண்டு ஆம்புமே முழுப் பாட்டையும் வோல்டேஜாக வெளியே தள்ளியாக வேண்டும். கரண்ட் மட்டும்தான் வூஃபர் பக்கம் அதிகம், ட்வீட்டர் பக்கம் குறைவு என்று பிரியும். முன்பு எந்த வால்யூமில் சத்தம் உடைந்ததோ, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இப்போதும் உடையும். ஹோம் தியேட்டருக்கான ஏவி ரிசீவரில் மீதமிருக்கும் சேனல்களை இப்படி பை-ஆம்புக்கு (ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்) ஒதுக்கினாலும் இதே கதைதான். அங்கே எல்லாச் சேனலுக்கும் பவர் சப்ளை ஒன்றே.

வாட் கணக்கும் நம்மை ஏமாற்றும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 87 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரில், ஹாலில் நிதானமாகக் கேட்கும்போது ஓடுவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழே. ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துத் தவில் கேட்டுப் பாருங்கள். ஒரு அடி விழும் அந்தக் கணத்துக்கு மட்டும் பல பத்து வாட் தேவைப்படும். பெரிய ஆம்பின் பலன் அங்கேதான்.

ஆகவே, இதற்கென்றே இன்னொரு ஆம்ப் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல ஆம்ப் ஒன்றே ஒன்று வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

தகடு

எல்லா ஆம்பையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்பீக்கர் வயர்களையும் எடுத்துவிட்டு, நான்கு டெர்மினல்களையும் தளர்த்தி, சிவப்புத் தகடு, கறுப்புத் தகடு இரண்டையும் உருவுங்கள். இரண்டையும்! கறுப்பு எல்லாம் எர்த்தானே என்று நினைத்து, வலது ஸ்பீக்கரில் கறுப்புத் தகட்டை விட்டுவைத்தேன். என் சின்ன ஆம்ப் பிரிட்ஜ் முறையில் வேலை செய்வது. அதில் கறுப்பு எர்த் கிடையாது, அதிலும் சிக்னல் வரும். தகடு வழியாக அது பெரிய ஆம்பின் எர்த்தோடு ஷார்ட் ஆனது. லேசாக ஒரு தீய்ந்த வாடை, அவ்வளவுதான். சிவப்பை விட்டுவைத்தாலும் ஆபத்தே. இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் நேருக்கு நேர் மோதும்.

கழற்றியதும் மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, மேல் சிவப்புக்கும் கீழ் சிவப்புக்கும் நடுவில் தொடுங்கள். பிறகு கறுப்புக்கும் கறுப்புக்கும். எங்கேயும் பீப் வரக்கூடாது. இரண்டு ஸ்பீக்கரிலும் இப்படிப் பார்த்த பிறகே வயரைத் தொடுங்கள். மல்டிமீட்டர் விலை குறைந்ததாக இருந்தாலும் போதும். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆடியோ கேபிளில் போடும் காசைவிட இதில் போடும் காசுதான் உருப்படியானது. வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, முனையில் ஸ்க்ரூ வைத்த பனானா பிளக். எனக்கு இதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

கெயின்

வேறொரு ஆம்பை வாங்கி மறுபடி மாட்டியபோது பாடகரின் ஸகரமும் ஷகரமும் ஊசிபோலக் குத்தின. காரணம் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஒரே ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் வால்யூமைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி) வழியாக இரண்டுக்கும் கொடுத்து, ஏசி வோல்டேஜ் அளந்தேன். ஒன்றில் 2.0 வோல்ட், இன்னொன்றில் 2.8 வோல்ட். இது 3 டெசிபல் வித்தியாசம். ட்வீட்டர் ஆம்பின் கெயின் திருகை இரண்டும் சமமாகும்வரை குறைத்ததும் குரல் பழையபடி குரலாக வந்தது. இரண்டு ஆம்பிலும் திருகு இல்லையென்றால், மனசு கேட்காவிட்டாலும் இந்த ஜோடியை விட்டுவிடுங்கள். வால்வ் ஆம்பை மட்டும் ஸ்பீக்கர் இல்லாமல் இப்படி ஓட்டக்கூடாது.

அதன் பிறகு மேல் ஜோடிக்கு ஒன்று, கீழ் ஜோடிக்கு ஒன்று மாட்டி, வால்யூமை அடியில் வைத்து ஆரம்பியுங்கள்.

பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்பை ஆன் செய்யும் கணத்தில் இழுக்கும் கரண்டில் எம்சிபி விழலாம். 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். இரண்டு ஆம்ப் இருந்தால் ஒன்றை ஆன் செய்து சில வினாடி கழித்து அடுத்ததை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்பார்மர் உறுமும். சித்திரை மாதத்தில் இரண்டு ஆம்ப் விடும் சூட்டையும் யோசித்து, மேலே காற்றுப் போக இடம் விடுங்கள்.

பிற்சேர்க்கை: எல்லாம் சொன்னபடி செய்தும் குரல் குழிக்குள்ளிருந்து வருவதுபோல இருப்பதாக ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார். அவருடைய ஒரு ஆம்ப் சிக்னலைத் தலைகீழாக்கும் வகை. ட்வீட்டரும் வூஃபரும் சந்திக்கும் அலைவரிசையில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. அந்த ஆம்பிலிருந்து வரும் வயர்களை மட்டும் ஸ்பீக்கர் முனையில் சிவப்பு கறுப்பு மாற்றி மாட்டச் சொன்னேன், இரண்டு ஸ்பீக்கரிலும். சரியாகிவிட்டது. தகடு கழன்றிருப்பதால்தான் இப்படி மாற்ற முடிகிறது. மாற்றும் முன் இன்னொரு முறை மீட்டரை வைத்துப் பாருங்கள்.