கல்லூரி ஃபுட்பால் தலைமைக் கோச் ஆக வேண்டுமா? வழி இப்படித்தான் போகும்

ஒஹாயோவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். மாலையில் ஒன்பதாம் வகுப்பு ஃபுட்பால் அணிக்கு உதவிக் கோச். ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலைத்தான் சொல்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது கல்லூரி அணிகளில் கோச்சிங் வேலையில் இருப்பதால், இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள்: "சார், பையன் காலேஜ் டீமுக்கு ஹெட் கோச் ஆகணுங்கிறான். அதுக்கு என்ன படிக்கணும்?"

இதற்கென்று தனிப் படிப்பு கிடையாது, எழுதிப் பாஸ் பண்ண ஒரு பரீட்சையும் கிடையாது. உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர், வேறு ஊரில் பொறுப்பேற்கும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு போவார். பெரும்பாலும் இப்படித்தான் ஆள் மேலே போகிறது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். கல்லூரியின் பேரைப் பார்த்து வேலைக்குச் சேராதீர்கள். யார் கீழே வேலை செய்யப் போகிறீர்கள், அங்கே உங்கள் பொறுப்பில் முழுசாக என்ன இருக்கும், இந்த இரண்டையும் பார்த்துச் சேருங்கள்.

ஆடியிருக்க வேண்டுமா? ஆடியிருந்தால் நல்லது. தலைமைக் கோச்சுகளில் மிகப் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கல்லூரியில் ஆடியவர்கள்தான். ஆனால் ஸ்டாராக இருந்திருக்கத் தேவையில்லை. கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு 2016, 2018 என்று இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த டாபோ ஸ்வின்னி, அலபாமா அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேர்ந்தவர். மைக் லீச் கல்லூரி ஃபுட்பால் ஆடவே இல்லை. பெப்பர்டைனில் சட்டம் படித்து முடித்தவர், வக்கீல் தொழிலுக்குப் போகாமல் சிறிய கல்லூரிகளில் உதவிக் கோச்சாகத் தொடங்கினார். நடுவில் பின்லாந்து போய் ஒரு கிளப் அணிக்கும் கோச்சிங் செய்தார். அவரும் ஹால் மம்மியும் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் உருட்டித் திரட்டிய பாஸிங் முறையை இன்று நாடு முழுக்க ஆடுகிறார்கள். லீச் பின்னர் டெக்சஸ் டெக், வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் மூன்றுக்கும் தலைமைக் கோச்சாக இருந்தார். அவரைப் போல் வருகிறவர்கள் அபூர்வம். ஆனால் அந்த வழி அடைபட்டதில்லை.

ஆடாத பிள்ளைக்கு நான் காட்டும் வழி இது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே ஃபுட்பால் ஆபீஸுக்குப் போய் மாணவர் மேனேஜராகவோ வீடியோ உதவியாளராகவோ சேர வேண்டும். டவல் மடிப்பது, பந்து எடுத்துக் கொடுப்பது, டவர் மேல் ஏறி பிராக்டிஸைப் படம் பிடிப்பது எல்லாம் வேலைதான். அங்கே நிற்கிறவன் காதில் விழுவது வேறு எங்கேயும் விழாது. எந்தப் பாடத்தில் வேண்டுமானாலும் பட்டம் வாங்கலாம், ஆனால் முடித்தே ஆக வேண்டும். ஏனென்றால் அடுத்த படி முதுகலைப் படிப்போடு சேர்ந்தது.

அந்தப் படியின் பேர் கிராஜுவேட் அசிஸ்டன்ட். எல்லோரும் ஜி.ஏ. என்பார்கள். முதுகலைக்குப் பதிவு செய்துகொண்டு, படிப்புச் செலவும் ஒரு சின்ன உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு, அணிக்கு இரவும் பகலும் உழைக்கும் பதவி. நிக் சபான் தொடங்கியதும் இப்படித்தான். கென்ட் ஸ்டேட்டில் ஆடி முடித்தவருக்குக் கோச் ஆகும் எண்ணம் இல்லை. மனைவி டெர்ரியின் படிப்பு பாக்கி இருந்ததால் அதே ஊரில் இருக்க வேண்டியிருந்தது. தலைமைக் கோச் டான் ஜேம்ஸ் ஜி.ஏ. வேலை கொடுத்தார். அதற்குப் பிறகு சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், நேவி, மிஷிகன் ஸ்டேட், ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்ற தொழில்முறை அணி என்று ஊர் ஊராகப் போய், 1990-இல் டொலீடோவில் முதல்முறையாகத் தலைமைக் கோச் ஆனார். பின்னாளில் லூசியானா ஸ்டேட்டில் (எல்.எஸ்.யு.) ஒன்று, அலபாமாவில் ஆறு என மொத்தம் ஏழு தேசியப் பட்டங்கள்.

ஜி.ஏ. என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள் தேறுவதும் கழிவதும் இங்கேதான். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் பழைய ஆட்டங்களை ஒவ்வொரு ப்ளேயாக, அதாவது பந்து நகரத் தொடங்கி ஆட்டம் நிற்கும் வரையான ஒவ்வொரு துண்டாக, நிறுத்தி நிறுத்திப் பதிய வேண்டும். ஒரு ப்ளேயை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 7 யார்டு வேண்டும். பந்து இடது ஹாஷில், அதாவது களத்தின் இடப்பக்கக் குறிக்கோட்டில். 11 பெர்சனல், அதாவது பந்தோடு ஓடும் ஒரு ரன்னிங் பேக், தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்ட், பந்து பிடிக்கும் மூன்று ரிசீவர். மூன்று ரிசீவர்களும் வலது பக்கம். ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளே தொடங்குவதற்கு முன், ஒருவன் இடது பக்கம் ஓடிவருகிறான். எதிரே டிஃபென்ஸில், அதாவது தடுக்கும் அணியில், கடைசி வரிசைக் காவலர்களான இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்கிறார்கள். ஸ்னாப் ஆனதும் ஒருவன் இறங்கி வந்துவிடுகிறான். இருவர் ஆழத்தைக் காக்கும் கவரேஜ் 2 போல் காட்டி, மூவர் காக்கும் கவரேஜ் 3 ஆடியிருக்கிறார்கள். இவ்வளவும் கட்டம் கட்டமாக ஏறினால்தான் ஒரு ப்ளே முடியும். ஓர் ஆட்டத்தில் ஒரு அணிக்கு 60, 70 ப்ளே வரும். பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான், மூன்றாவது டவுனில் தூரம் அதிகம் என்றால் இவர்கள் பாதிக்கு மேல் எந்தப் பக்கம் வீசுகிறார்கள் என்ற கணக்கு கிடைக்கும். ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் ஞாயிற்றுக்கிழமை இரவு மொத்த ஸ்டாஃபும் தப்பான கணக்கை வைத்துத் திட்டம் போடும்.

அடுத்தது ஸ்கவுட் கார்டு. எதிரணியின் ப்ளேயை மார்க்கரால் அட்டையில் வரைந்து, நம் இரண்டாம் நிலை வீரர்களிடம் காட்டி, எதிரணி மாதிரியே ஆட வைக்க வேண்டும். பையன் அட்டையைப் பார்ப்பது சில விநாடிதான். கோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் ஓட்டத்தை முடிப்பான். 12 யார்டில் திரும்ப வேண்டிய ரிசீவருக்கு 9 யார்டில் கோட்டை வளைத்துவிட்டால், எதிரே நிற்கும் நம் கார்னர்பேக் வாரம் முழுக்க 9 யார்டுக்கே பழகுவான். சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் தலைக்கு மேல் பந்து போகும். சுத்தமாகக் கார்டு வரைகிறவனைத்தான் பெரிய கோச்சுகள் நினைவில் வைத்திருப்பார்கள். என் மாணவர்களிடம் பள்ளியிலேயே கார்டு வரையச் சொல்கிறேன். அளவுகோல் வைத்து வரையச் சொல்கிறேன்.

ஜி.ஏ. காலம் முடிந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். பெரிய கல்லூரியில், ஆட்டப் பதிவுகளை அலசும் அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல் என்ற பேர்களில் வேலை கிடைக்கலாம். களத்தில் இத்தனை உதவிக் கோச்சுகள்தான் பயிற்சி தரலாம் என்றிருந்த வரம்பை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2024-இல் நீக்கிய பிறகு, அந்த வேலைகளில் இருப்பவர்களும் வீரர்களுக்கு நேரடியாகச் சொல்லித்தரலாம். இன்னொரு பக்கம், என்.சி.ஏ.ஏ.வின் கீழ்நிலைப் பிரிவுகளான டிவிஷன் 2-இலோ 3-இலோ சின்னக் கல்லூரியில் ஒரு பொசிஷனுக்கு, அதாவது ஒரே வகை இடத்தில் ஆடும் வீரர்களுக்கு, முழுப் பொறுப்பு. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. பஸ் ஏற்பாடு, ஜெர்சி துவைப்பது, பள்ளி வீரர்களைத் தேடிச் சேர்க்கும் ரெக்ரூட்டிங் என்று எல்லாம் உங்கள் தலையில் விழும். நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். பெரிய ஊரில் பத்தோடு பதினொன்றாக இருப்பதைவிட, சின்ன ஊரில் ஐந்து லைன்பேக்கர்களை நீங்களே வளர்த்து, ஆட்டத்தில் அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்ப்பதில்தான் கோச் உருவாகிறார்.

ஒஹாயோவில் இருப்பதால் இதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். அலயன்ஸ் என்ற சின்ன ஊரில் மவுன்ட் யூனியன் கல்லூரி இருக்கிறது, டிவிஷன் 3. லாரி கெரஸ் அங்கே 11 தேசியப் பட்டம் வென்றார். அவரிடம் ஆடி, அவருக்கு ஆஃபென்ஸ் (பந்தை வைத்து ஆடும் பிரிவு) கோஆர்டினேட்டராகவும் இருந்த மேட் கேம்பல், 32 வயதில் டொலீடோவுக்குத் தலைமைக் கோச்சாகி, பிறகு அயோவா ஸ்டேட்டில் பத்து சீசன் நின்றார். இதே மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் மயாமி பல்கலைக்கழகம் இருக்கிறது. உடி ஹேஸ் அங்கிருந்துதான் 1951-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். அவரிடம் ஆடிய போ ஷெம்பெக்லர் அதே மயாமிக்குக் கோச்சாக இருந்துவிட்டு 1969-இல் மிஷிகனுக்குப் போனார். ஆரா பார்சீகியனும் அங்கே தொடங்கி நோட்டர் டேம் போனவர். "கோச்சுகளின் தொட்டில்" என்று அந்தக் கல்லூரிக்குப் பட்டப்பேரே உண்டு. ஸ்டேடியம் வாசலில் வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பொசிஷன் கோச் ஆன நாளிலிருந்து பாதி வேலை ரெக்ரூட்டிங். பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப்போய், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவிடம் பேச வேண்டும். எங்கள் பள்ளிக்கு வரும் கல்லூரிக் கோச்சுகளைப் பார்க்கிறேன். நல்லவர்கள் முதலில் கணக்கு மதிப்பெண்ணை என்னிடம் கேட்பார்கள், பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம், பையன் வீட்டில் எப்படி என்று கேட்பார்கள். பையனுக்கு இடம் இல்லை என்றால் இல்லை என்று நேரில் சொல்கிறவர்களை எங்கள் தலைமைக் கோச் அடுத்த வருஷமும் வரவேற்பார். இழுத்தடிக்கிறவர்களுக்குக் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்த படி கோஆர்டினேட்டர். ஆஃபென்ஸுக்கோ டிஃபென்ஸுக்கோ மொத்தப் பொறுப்பு. ஆட்டத்தில் ப்ளே சொல்வது நீங்கள். 2024 முதல் மேல்மட்டக் கல்லூரி அணிகளில் களத்தில் உள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பேசலாம். அடுத்த ப்ளேயைத் தொடங்கக் கெடு காட்டும் பிளே கிளாக் 15 விநாடிக்கு வந்ததும் இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குள் வாயில் ப்ளே வந்தாக வேண்டும் என்றால், வாரம் முழுக்க யோசித்து கையில் உள்ள அட்டையில் எழுதி வைத்திருந்தால்தான் முடியும்.

இங்கிருந்து தலைமைக் கோச் ஆக இரண்டு தடங்கள் நன்றாகத் தேறியிருக்கின்றன. ஒன்று, பெரிய ஆளின் பக்கத்தில் பொறுமையாக நிற்பது. கர்பி ஸ்மார்ட் வால்டோஸ்டா ஸ்டேட் என்ற டிவிஷன் 2 கல்லூரியில் கோஆர்டினேட்டராக இருந்துவிட்டு, பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஜி.ஏ.வாகச் சேர்ந்தவர். பதவியில் இறங்கியதுதான், ஆனால் அங்கே கற்றுக்கொண்டார். பின்னர் சபானிடம் அலபாமாவில் 2007 முதல் 2015 வரை இருந்து, தான் ஆடிய ஜார்ஜியாவுக்கே தலைமைக் கோச்சாகப் போய், 2021, 2022 இரண்டு பட்டமும் வாங்கினார்.

இன்னொன்று, சின்ன இடத்தில் தலைவராக இருந்து பழகுவது. என் மனசுக்குப் பிடித்தது இதுதான். கர்ட் சிக்னெட்டி அதே அலபாமாவில் சபானிடம் ரிசீவர் கோச், ரெக்ரூட்டிங் கோஆர்டினேட்டர். 2009-இல் பட்டம் வென்ற ஸ்டாஃபில் இருந்தவர். ஐம்பது வயதை நெருங்கும்போது அதை விட்டுவிட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, பென்சில்வேனியாவில் ஒரு டிவிஷன் 2 கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். பிறகு ஈலான், ஜேம்ஸ் மேடிசன். 2023-இல் 3–9, அதாவது 3 வெற்றி, 9 தோல்வி, என்று முடித்த இந்தியானாவை 2024-இல் 11–2 ஆக்கினார். 2025 சீசனில் ஒரு ஆட்டமும் தோற்காமல் தேசியப் பட்டம். கேலன் டெபோரும் இதே வழிதான். சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 67–3, மூன்று பட்டம். அப்புறம் பத்து வருஷம் வேறு கோச்சுகளிடம் கோஆர்டினேட்டராக இருந்து, ஃப்ரெஸ்னோ ஸ்டேட், வாஷிங்டன் வழியாக 2024-இல் அலபாமாவுக்கு வந்தார்.

நேர்காணலில் உட்காரும்போது உங்களிடம் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். யாரை ஆஃபென்ஸுக்கு, யாரை டிஃபென்ஸுக்கு, யாரை ஸ்ட்ரெங்த் கோச்சாகக் கொண்டு வருவீர்கள், அவர்கள் வருவார்களா என்று கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவரான அத்லெடிக் டைரக்டர் கேட்பார். பத்து வருஷமாக யாரோடெல்லாம் மரியாதையாக நடந்துகொண்டீர்களோ அவர்களின் பேர்தான் அந்தத் தாளில் இருக்கும். ஒவ்வொரு ஜனவரியும் அமெரிக்கக் கோச்சுகள் சங்கத்தின் மாநாடு நடக்கும். ஹோட்டல் லாபியில் வேலை தேடுவோரும் ஆள் தேடுவோரும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஜி.ஏ. ஆன வருஷத்திலிருந்தே போங்கள்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். உச்சியில் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 7.6 கோடி டாலர். பேப்பரில் இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். உதவிக் கோச்சுகளுக்கு அப்படியொரு பாதுகாப்பு கிடையாது. தலைமைக் கோச் போனால் மொத்த ஸ்டாஃபும் வீட்டைக் காலி செய்யும். ஸ்வின்னிக்கும் அப்படி அலபாமா வேலை போய், இரண்டு வருஷம் பர்மிங்காமில் ரியல் எஸ்டேட் வேலை பார்த்தார். 2003-இல் அவரைத் திரும்ப அழைத்தது, மாணவராக இருந்தபோது அவருக்குச் சொல்லித்தந்த டாமி பவுடன். கல்யாணம் பேசும்போதே இந்தத் தொழிலின் ஊர் மாற்றத்தைப் பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்மட்டத்தில் முதல் கறுப்பினத் தலைமைக் கோச், விச்சிட்டா ஸ்டேட்டின் வில்லி ஜெஃப்ரிஸ். வருஷம் 1979. எஸ்.இ.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸில் (தமக்குள் மோதும் கல்லூரிகளின் கூட்டமைப்பில்) அது நடக்க 2004 சீசன் வரை ஆனது, மிசிசிப்பி ஸ்டேட்டில் சில்வெஸ்டர் குரூம். களத்தில் ஆடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினப் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். நம் பிள்ளைகள் இறங்கும் களம் இது. அதைத் தெரிந்துகொண்டே இறங்கட்டும்.

இப்போது விதிகளும் மாறிவிட்டன. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பேரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-26 முதல் கல்லூரியே வருமானத்தில் பங்கு தரலாம், ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. அந்த ஏற்பாட்டில் அணியில் 105 பேர் என்று வரம்பும் வந்தது. வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பேர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வீரர்கள் வருஷா வருஷம் மாறுகிறார்கள். எந்தப் பொசிஷனுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களைக் கல்லூரிகள் தேடுகின்றன. கணக்கில் கெட்டியான நம் பிள்ளைகளுக்கு இது உள்ளே நுழைய நல்ல வாசல். ஆனால் அங்கேயே தங்கிவிடாமல் களத்துக்கும் இறங்க வேண்டும்.

உடனே தொடங்க நினைப்பவர்களுக்கு: வசந்தகாலப் பயிற்சி கல்லூரிகளில் சுமார் 15 நாள்தான். பக்கத்தில் உள்ள சின்னக் கல்லூரியின் ஃபுட்பால் ஆபரேஷன்ஸ் அலுவலகத்துக்கு பிப்ரவரியிலேயே மின்னஞ்சல் எழுதி, வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரே ஒரு பொசிஷனைத் தேர்ந்தெடுத்து அவர்களின் கோச் பக்கத்திலேயே நில்லுங்கள். எந்தப் பயிற்சி எத்தனை நிமிஷம், யாரைத் திருத்தினார், என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள். போனை வெளியே எடுக்காதீர்கள். அன்று இரவே நன்றி சொல்லி எழுதுங்கள். ஆகஸ்டில் ஆள் தேவைப்படுமா என்று அதிலேயே கேளுங்கள்.