ஏபி ஹ்யூமன் ஜியாக்ரஃபி: 7-க்கு 3-லேயே நின்ற கதை

இது அமெரிக்காவின் காலேஜ் போர்டு அமைப்பு பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் கல்லூரி நிலை மனிதப் புவியியல் பாடமும் தேர்வும். எங்கள் பள்ளியில் இந்தப் பாடம் கிடையாது, அதனால் சொந்தமாகப் படித்தேன். கொள்குறி வினாக்கள் சுலபமாக வந்தன. ஆனால் எழுத்து வினாக்களில் எவ்வளவு எழுதினாலும் 7-க்கு 3-ஐத் தாண்டவில்லை.

படித்தது போதவில்லை என்று நினைத்து இன்னொரு தடிப் புத்தகம் வாங்கினேன், பயனில்லை. அப்புறம் வான் தூனனின் விவசாய நிலப் பயன்பாட்டு மாதிரி, கிறிஸ்டாலரின் மைய இடக் கோட்பாடு, மக்கள்தொகை மாற்றக் கோட்பாடு என்று கலைச்சொல் அட்டைகள் போட்டேன். சொற்கள் மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

ஒருநாள் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வழிகாட்டியைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: அதன் மாதிரித் தேர்வில் 75 கொள்குறி வினாக்கள். இப்போது 60தான்! 2019-20 கல்வியாண்டில் பாடத்திட்டத்தை மாற்றியமைத்து, எழுத்து வினா மூன்றுக்கும் தலா 7 மதிப்பெண் என்று ஆக்கிவிட்டார்கள். நான் வாரக்கணக்கில் பயிற்சி செய்தது பழைய தேர்வுக்கு.

சரி என்று எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, காலேஜ் போர்டு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்திட்ட ஆவணத்தையும், மாற்றத்துக்குப் பிந்தைய வினாக்களையும், முக்கியமாக அவற்றின் மதிப்பெண் வழிகாட்டிகளையும் இறக்கினேன். அங்கேதான் விடை இருந்தது. 'விளக்குக' என்று கேட்ட இடத்திலெல்லாம் நான் காரணமே சொல்லாமல் வரையறை மட்டும் எழுதியிருந்தேன். 'ஏனென்றால்' சேர்த்து எழுதிப் பார்த்தேன், அடுத்த மூன்று மாதிரி விடைகளும் 5, 6, 6. அப்பாடா!

தடிப் புத்தகம் இப்போது மேஜைக் காலுக்கு அடியில்.