காரைப் பார்க்க முன் காப்புறுதியைக் கேளுங்கள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மாரியில் ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். கனடாவுக்கு வந்து ஐந்து மாதம், ஸ்காபரோவில் பேஸ்மன்ற் வாடகை. கையில் கார் விற்பனையாளரிடம் கையெழுத்து வைத்த கடதாசி. “கார் முடிஞ்சுது அண்ணை, இன்சூரன்ஸ் மட்டும்தான் மிச்சம்” என்றான். அந்த “மட்டும்தான்” பின்னேரம் முழுவதையும் தின்றது. சாப்பாட்டு மேசையில் இருந்தபடி ஆறு இடங்களுக்கு அழைத்தோம். ஆகக் குறைந்த விலை மாதம் 430 டொலர். காரின் தவணையே 310தான்.

ஊரில் காரை வாங்கிவிட்டுத்தான் காப்புறுதியைப் பற்றி யோசிப்போம். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். லைசென்ஸ் எப்போது கிடைத்தது, எங்கே குடியிருக்கிறீர்கள், என்ன கார் என்ற மூன்றும்தான் விலையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. பேரம் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு மிஞ்சும் கொஞ்சத்தில்தான்.

முதலில் லைசென்ஸ். இலங்கை, இந்திய லைசென்ஸைக் கொடுத்து ஒன்ராறியோ லைசென்ஸ் நேரே மாற்றி எடுக்க முடியாது. குடியேறி 60 நாட்களுக்கு அதை வைத்து ஓட்டலாம், அவ்வளவுதான். பிறகு எழுத்துப் பரீட்சை, வீதிப் பரீட்சை. ஆனால் ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம் இருந்து, அதை அங்குள்ள லைசென்ஸ் அலுவலகமோ தூதரகமோ உறுதிப்படுத்திய கடிதமும் இருந்தால், வருடக்கணக்கில் காத்திருக்காமல் ஜீ (G) என்ற முழு லைசென்ஸுக்கான பரீட்சைக்கே போகலாம். விமானம் ஏற முன்பே அந்தக் கடிதத்துக்கு அலையுங்கள். இங்கிருந்துகொண்டு, கொழும்பிலோ சென்னையிலோ வேறொருவரை அலையவிடுவது பெரிய தலையிடி. ஊர்க் காப்புறுதி நிறுவனம் தரும், விபத்துக் கோரிக்கை எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் வாங்கி வையுங்கள். பல கொம்பனிகள் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டா, ஆனாலும் கேட்பதில் நட்டம் இல்லை. அரசு அங்கீகரித்த சாரதிப் பயிற்சி வகுப்பின் சான்றிதழுக்கும் பல இடங்களில் கழிவு உண்டு.

அடுத்தது முகவரி. விலை தபால் குறியீட்டைப் பொறுத்து மாறும். பிரம்டனும் ஸ்காபரோவின் சில பகுதிகளும் விலை கூடிய இடங்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் “லிண்ட்சேயில் மச்சான் இருக்கிறார், அவர் முகவரியைப் போடு” என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். போடாதீர்கள். மாதம் நூறு டொலர் மிச்சம் பிடிக்கப் போய், விபத்து நடந்த அன்று கோரிக்கை மறுக்கப்பட்டால் அந்த மச்சான் வந்து நிற்கமாட்டார். ஒரு ஆறுதல், உங்கள் கிரெடிட் ஸ்கோரை (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் புள்ளியை) பார்த்து வாகனக் காப்புறுதியின் விலையை வைக்க ஒன்ராறியோவில் அனுமதி இல்லை. வந்த புதிதில் ஸ்கோர் இல்லையே என்று இந்த விஷயத்தில் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது கார். தம்பி பிடித்திருந்தது ஹோண்டா சிஆர்-வி. அதுவும் டொயோட்டா ஹைலாண்டரும் லெக்சஸ் ஆர்எக்ஸும் களவெடுப்பவர்களுக்குப் பிடித்த கார்கள். அந்த ரகத்துக்கு மேலதிகக் கட்டணம் கேட்கும், அல்லது களவுத் தடுப்புக் கருவி பூட்டச் சொல்லும் கொம்பனிகள் உண்டு. ஆகவே மனதில் இரண்டு மூன்று கார்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? எங்கள் ஆட்கள் “ஒன்வே”, “டூவே” என்பார்கள். பொலிசிக் கடதாசியில் அந்தச் சொற்களைத் தேடினால் கிடைக்காது. ஒன்வே என்பது சட்டம் கட்டாயமாக்கியது மட்டும். டூவே என்பது அதோடு, உங்கள் பிழையால் உங்கள் கார் அடிபட்டால் திருத்தித் தரும் கொலிஷனும், களவு, ஆலங்கட்டி, கல் பட்டுக் கண்ணாடி வெடிப்பது போன்றவற்றுக்கான கொம்பிரிஹென்சிவும் சேர்ந்தது. தவணையில் எடுத்த காருக்கு, கடன் கொடுத்தவரே டூவே கேட்பார்.

ஒன்வே எடுத்தால் உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. சிவப்பு விளக்கில் நிற்கிறீர்கள், பின்னால் வந்தவர் இடித்துவிட்டார், அவருக்கும் ஒன்ராறியோ காப்புறுதி இருக்கிறது. அப்போது உங்கள் கொம்பனியே உங்கள் காரைத் திருத்தித் தரும். கடதாசியில் டிசிபிடி (DCPD) என்று ஒரு வரி இருக்கும், அதுதான் இது. 2024 ஜனவரி முதல், விரும்பினால் இதை வேண்டாம் என்று சொல்லலாம். சில டொலர்கள் குறையும் என்று யாராவது ஆசை காட்டினால் தலையாட்டாதீர்கள். இடித்தவர் நிற்காமல் ஓடிவிட்டால் கதை வேறு. அதற்குக் கொலிஷன் இருந்தால்தான் உண்டு.

இப்போது, யாரும் விளக்கிச் சொல்லாத வரிகள். மற்றவருக்கு நீங்கள் விளைவித்த பாதிப்புக்கான பொறுப்புக் காப்புறுதி, சட்டப்படி குறைந்தது 200,000 டொலர். ஒருவருக்கு முள்ளந்தண்டு அடிபட்டால் அது எந்த மூலைக்குக் காணும்? பெரும்பாலானோர் 10 லட்சமோ 20 லட்சமோ வைத்திருக்கிறார்கள், உயர்த்துவதற்கு ஆகும் மேலதிகக் காசு மிகக் குறைவு. அதோடு 44ஆர் (OPCF 44R) என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உங்களை இடித்தவரிடம் போதிய காப்புறுதி இல்லாவிட்டால் மிச்சத்தை உங்கள் கொம்பனி உங்கள் எல்லை வரை தரும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தகரத்தில், அதாவது காரின் சேதத்துக்கான காப்பில், பிடியுங்கள். கொலிஷனின் டிடக்ரிபிளை (திருத்தச் செலவில் நீங்கள் கையால் கட்டும் பங்கை) 500இலிருந்து 1,000 ஆக்கலாம். பத்து வருடப் பழைய கார் என்றால் கொலிஷனையே விடலாம். ஆட்களுக்கு வரும் காயத்தில் பிடிக்காதீர்கள்.

இந்தக் காய விஷயத்தில் ஒரு மாற்றம். விபத்தில் வேலைக்குப் போக முடியாமல் போனால் வாரம் 400 டொலர் வரை தரும் வருமான ஈடு, 2026 ஜூலைக்கு முந்திய எல்லாப் பொலிசியிலும் கூடவே வந்தது. 2026 ஜூலை 1 முதல் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் பொலிசிகளில் மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு ஆகியவை மட்டுமே கட்டாயம். வருமான ஈட்டை வைப்பதா விடுவதா என்பது உங்கள் தேர்வு. தொழிற்சாலையிலோ பண்டகசாலையிலோ மணிக்கணக்குச் சம்பளத்தில், வேறு எந்தச் சலுகையும் இல்லாமல் வேலை செய்கிறவர் அதை வெட்டினால், கால் முறிந்த மாதம் வாடகை எங்கிருந்து வரும்?

விலை கேட்க ஒரு புறோக்கர் (பல கொம்பனிகளின் காப்புறுதியை எடுத்துத் தரும் முகவர்) போதாது. இரண்டு புறோக்கர்களிடமும், நேரடியாக விற்கும் ஓரிரு கொம்பனிகளிடமும் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே விவரம், ஒரே அளவு காப்பு, இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது 2016 முதல் விதி. வாடகை வீட்டுப் பொருட்களின் காப்புறுதியையும் அதே இடத்தில் எடுத்தால் அனேகமாக இன்னும் குறையும். வாட்ஸ்அப்பில் அரை விலைக்குப் பிங்க் ஸ்லிப் (காருக்குக் காப்புறுதி உண்டு என்பதற்கான சான்று) தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். இங்கே புறோக்கர்கள் ரிபோ (RIBO) என்ற அமைப்பில் பதிந்திருக்க வேண்டும், அதன் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். போலிக் கடதாசியோடு பிடிபட்டால் நீங்கள் காப்புறுதி இல்லாமல் ஓட்டியவர்தான். முதல் தடவைக்கே தண்டப்பணம் 5,000 டொலரில் தொடங்குகிறது.

இரவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையோ ஆள் ஏற்றும் வேலையோ செய்கிறீர்களா? முதலே கொம்பனியிடம் சொல்லுங்கள். சாதாரணப் பொலிசியில் அதற்கு இடம் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. வந்த இரண்டாம் வருடம், கணக்கில் நாற்பது டொலர் குறைந்ததால் மாதக் கட்டணம் திரும்பிப் போனது. வந்த கடிதத்தை நான் பிரிக்கவில்லை. அடுத்த தடவையும் அப்படியே ஆக, பொலிசியை நிறுத்திவிட்டார்கள். கட்டாததால் நிறுத்தப்பட்டவர் என்ற பதிவோடு அடுத்த இடத்தில் போய் நின்றபோது கேட்ட விலையை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. சம்பளம் விழும் கணக்கிலிருந்தே, சம்பளத்துக்கு அடுத்த நாள் கழியும்படி வையுங்கள்.

அப்புறம், விபத்து. அடிபட்ட ஐந்தாவது நிமிடம் டோ ட்ரக் வந்து நிற்கும். பொலிஸ் அகற்றச் சொன்னால் தவிர, யார் இழுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதை முடிவெடுப்பது நீங்கள்தான். வாசிக்காத படிவத்தில் கையெழுத்து வேண்டாம். மற்றவரின் பிங்க் ஸ்லிப், லைசென்ஸ், இலக்கத்தகடு மூன்றையும் படம் எடுங்கள். காயம் இருந்தால், அல்லது சேதம் எல்லாமாக 5,000 டொலரைத் தாண்டும் போலிருந்தால், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் கொம்பனிக்கு ஏழு நாட்களுக்குள்.

தம்பி முற்பணத்தில் 500 டொலரை இழந்து சிஆர்-வியை விட்டான். மார்கழியில் ஜீ பரீட்சை பாஸானான். தையில் ஒரு பழைய கொரோலாவின் விவரத்தை அனுப்பியிருந்தான், கீழே மூன்று இடங்களில் கேட்ட காப்புறுதி விலைகளோடு.