தரவுத்தள இணைப்பு விவரங்களை டாம்கேட்டில் எங்கே வைப்பது?

சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒரு ஜாவா வலைச் செயலி டாம்கேட் சர்வரில் ஓடுகிறது. அதன் தரவு மைஎஸ்கியூஎல்-இல் இருக்கிறது. தரவுத்தளத்தின் முகவரி, 3306 என்ற போர்ட் எண், பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிரலிலேயே எழுதினாலோ, வார் கோப்புக்குள் (செயலி முழுவதையும் கட்டி வைக்கும் தொகுப்புக் கோப்பு) ப்ராப்பர்ட்டீஸ் கோப்பாக வைத்தாலோ, சோதனைச் சர்வருக்கு ஒரு வார், உண்மைச் சர்வருக்கு இன்னொரு வார் என்று தனித்தனியே பில்டு செய்ய வேண்டிவரும். ஒருமுறை நான் அவ்விரண்டையும் மாற்றி ஏற்றிவிட்டேன். சோதனைக்காகப் போட்ட பதிவுகள் உண்மையான பட்டியலில் கலந்திருந்தது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஆகவே விவரங்களைச் சர்வரிடம் ஒப்படைத்துவிட்டு, செயலிக்கு ஒரு பெயரை மட்டும் தெரிவிப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

முதலில், ஜாவா மைஎஸ்கியூஎல்லுடன் பேச உதவும் டிரைவரின் ஜார் கோப்பை டாம்கேட்டின் லிப் கோப்புறையில் வையுங்கள். இணைப்புத் தொகுப்பை, அதாவது திறந்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் தரவுத்தள இணைப்புகளின் கூட்டத்தை, உருவாக்குவது சர்வர்தான். செயலிக்குள் இருக்கும் ஜார் அதன் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து, கான்ஃப் கோப்புறைக்குள் கேட்டலினா, அதனுள் லோக்கல்ஹோஸ்ட் என்று சென்று, செயலியின் பெயரிலேயே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை உருவாக்குங்கள். அதில் கான்டெக்ஸ்ட் உறுப்புக்குள் ரிசோர்ஸ் என்ற உறுப்பை எழுதி, ‘ஜேடிபிசி/சம்பளம்’ என்று பெயரிட்டு, வகை, டிரைவர் வகுப்பு, முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பண்புகளாகக் கொடுக்க வேண்டும். முகவரியில் அளவுருக்களைப் பிரிக்கும் ஆம்பர்சண்ட் குறியை அப்படியே எழுதினால் எக்ஸ்எம்எல் பிழையாகிவிடும். அந்தக் குறியை அடுத்து ஏ, எம், பி என்ற மூன்று சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரவேண்டும். பலரும் தடுமாறுகிற இடம் இது.

நிரலில் இனிஷியல்கான்டெக்ஸ்ட் என்ற ஜாவா வகுப்பின் வழியாக ‘ஜாவா:காம்ப்/என்வ்/ஜேடிபிசி/சம்பளம்’ என்று தேடினால், இணைப்புகளைத் தரும் டேட்டாசோர்ஸ் கிடைக்கும். இணைப்பை எடுக்கும் இடங்களில், வேலை முடிந்ததும் அதைத் தானாகவே திருப்பித் தரும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் பயன்படுத்துங்கள். தொகுப்பின் இயல்பான உச்சவரம்பு 8 இணைப்புகள்தான் என்பதால், திருப்பித் தராத சில இணைப்புகளே செயலியை நிறுத்திவிடும்.

கடவுச்சொல் அந்தக் கோப்பில் வெறும் எழுத்தாகவே இருக்கிறதே என்ற கவலை நியாயமானது. ஆயினும் அதை மறைகுறியாக்கினால், அவிழ்க்கும் சாவியையும் அதே கணினியில்தான் வைக்க வேண்டியிருக்கும். அதைவிட, கோப்பை டாம்கேட் ஓடும் பயனரின் பெயருக்கு மாற்றி அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) ஆக்குங்கள். தரவுத்தளத்திலும் ரூட் கணக்கைத் தவிர்த்து, இந்தச் செயலிக்குத் தேவையான அட்டவணைகளை மட்டும் தொடக்கூடிய தனிக் கணக்கைக் கொடுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் முன்பே கடவுச்சொல் ஏறியிருந்தால், அந்த வரியை நீக்குவது போதாது, பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும், கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

டாம்கேட்டின் மேனேஜர் பக்கத்தில் செயலியை அன்டிப்ளாய் செய்தால் (சர்வரிலிருந்து நீக்கினால்), வார் கோப்போடு இந்த எக்ஸ்எம்எல் கோப்பையும் டாம்கேட் அழித்துவிடும். எனவே அதன் பிரதி ஒன்றை, அதே 600 அனுமதியுடன், டாம்கேட்டுக்கு வெளியே வைத்திருங்கள்.