வீட்டில் ஒருவருக்கு முடக்குவாதமா? மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பைக் கணக்கிடும் முறை

முதலில் அந்த ஒருவருக்கு வந்திருப்பது முடக்குவாதம்தானா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்ஏ: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். "பாட்டிக்கும் மூட்டுவலிதான்" என்பது குடும்ப வரலாறு ஆகாது. விரலின் நுனிக்கணு மட்டும் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கியிருந்தால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். முதுகு இறுக்கத்துக்காக எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அது வேறு நோயைத் தேடிச் செய்த சோதனை. முடக்குவாதம் (சரவாங்கி என்றும் சொல்வார்கள்) கை முட்டிக் கணுக்களையும் மணிக்கட்டையும் இரண்டு பக்கமும் பிடிக்கும். பழைய ஃபைலில் ஆன்ட்டி-சிசிபி (இந்நோயில் ரத்தத்தில் காணப்படும் எதிர்ப்புரதம்) பாசிட்டிவ் என்று இருக்கிறதா, மருந்துச் சீட்டில் இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ஏ ஃபேக்டர் என்ற இன்னொரு எதிர்ப்புரதம் மட்டும் பாசிட்டிவ் என்றால் போதாது. காசநோய், ஹெபடைட்டிஸ் சி, முதுமை ஆகியவற்றிலும் அது கூடும்.

அடுத்தது கணக்கு. 1993இல் வெளியான, டெல்லியை ஒட்டிய கிராமப்புற ஆய்வில் பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். 0.75ஐ மூன்றால் பெருக்கினால் இரண்டே கால் சதவீதம். அதாவது நோயாளிகளின் உடன்பிறந்தவர்கள் 100 பேரை எடுத்துக்கொண்டால் குறைந்தது 97 பேருக்கு இந்நோய் இருக்காது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்பதால் தங்கைக்குச் சற்றுக் கூட்டியும் தம்பிக்குச் சற்றுக் குறைத்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். "இந்த நோயில் பரம்பரையின் பங்கு 60 சதவீதம்" என்று படித்துவிட்டு, தனக்கு வர 60 சதவீத வாய்ப்பு என்று பயந்துபோகிறார்கள். அந்த எண் சொல்வது வேறு: ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு நோய் வந்து சிலருக்கு வராமல் இருக்கும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதை. மரபணு முழுக்க ஒன்றாக உள்ள ஒருகரு இரட்டையரிலேயே, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பிரிட்டன் ஆய்வில் சுமார் 15 சதவீதம்தான்.

மரபணுச் சோதனை செய்யலாமா? பணம் கட்டும் முன், அந்த அறிக்கை எந்த மக்களின் தரவை வைத்து எழுதப்படுகிறது என்று கேளுங்கள். நோயோடு மிக வலுவாகத் தொடர்புள்ள மரபணு எச்எல்ஏ-டிஆர்பி1. அதன் சில வகைகள் உருவாக்கும் புரதத்தில் 70 முதல் 74 வரையான இடங்களில் ஒரே மாதிரி அமினோ அமிலக் கோவை இருப்பதை 1987இல் பீட்டர் கிரெகர்சன் குழு சுட்டிக்காட்டியது. எந்த வகை என்பது ஊருக்கு ஊர் மாறும். வட ஐரோப்பியரில் 04:01 என்ற எண்ணுள்ள வகை, ஜப்பானியர், கொரியரில் 04:05, அமெரிக்கப் பழங்குடியினரில் 14:02, இந்தியரில் 10:01 முக்கியம். பிடிபிஎன்22 என்ற மரபணுவின் அபாய வகை ஐரோப்பியரிடம் பரவலாக உண்டு. ஜப்பானியரிடம் அநேகமாக இல்லவே இல்லை. ஐரோப்பியருக்காகத் தயாரித்த மரபணு அபாய மதிப்பெண்ணில் நமக்கு "குறைந்த அபாயம்" என்று வந்தால், நம்மிடம் எதைத் தேட வேண்டுமோ அதைத் தேடவில்லை என்றும் பொருள் இருக்கலாம். மேலும் இவ்வகைகள் நோயே இல்லாத ஏராளமானவரிடமும் உள்ளன. ஆகவே அறிகுறி இல்லாதவருக்கு இந்தச் சோதனை தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

பரவல் எண்களை ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். அரிசோனாவின் பீமா பழங்குடியினரில் 5 சதவீதத்துக்கு மேல், நைஜீரியக் கிராமப்புற ஆய்வு ஒன்றில் ஒருவர்கூட இல்லை. மரபணு ஒரு காரணம். ஆனால் இளையோர் நிறைந்த ஊரில் எண் தானாகவே குறையும். மருத்துவமனைப் பதிவேட்டை எண்ணுவதும் வீடுவீடாகப் போய்ப் பார்ப்பதும் ஒரே விடையைத் தராது.

மரபணுவை மாற்ற முடியாது; நம்மால் மாற்ற முடிந்தது புகை. சிகரெட், பீடிப் புகை நுரையீரலில் புரதங்களின் உருவை மாற்றுகிறது. மேலே சொன்ன எச்எல்ஏ வகைகள் அப்படி உருமாறிய புரதத் துண்டுகளை இறுகப் பிடித்து எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுகின்றன. 2006இல் வெளியான சுவீடன் ஆய்வில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அவ்வகையைப் பெற்றுப் புகையும் பிடித்தவர்களுக்கு, ஆன்ட்டி-சிசிபி போன்ற எதிர்ப்புரதம் உள்ள முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. ஒப்பீடு இரண்டும் இல்லாதவர்களோடு. நோயாளியின் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

பிறகு கைகளைக் கவனியுங்கள். காலையில் பேஸ்ட் மூடியைத் திருக முடியாமல் விரல்கள் அரைமணிக்கு மேல் இறுகியிருக்கிறதா? நேற்றுவரை கழன்ற மோதிரம் இன்று கணுவில் சிக்குகிறதா? கைகுலுக்குவதுபோல் நான்கு விரல்களின் முட்டிக் கணுக்களைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால், வீக்கமும் தெரிந்தால், வாத நோய் நிபுணரிடம் போய்விடுங்கள். ஆறு வாரம் தாண்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆன்ட்டி-சிசிபி, ஆர்ஏ ஃபேக்டர், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய நான்கு ரத்தச் சோதனைகளும் அப்போது பார்க்க வேண்டியவை. ஆன்ட்டி-சிசிபி நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று ஆகாது. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு அப்படித்தான் வரும். போகும் முன் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் வடிந்து, மருத்துவர் கையைப் பார்க்கும்போது தடயமே இருக்காது. வீங்கிய கையைக் காலையிலேயே ஃபோனில் படமெடுத்து, தேதியோடு எடுத்துச் செல்லுங்கள்.