ராட்சசன் கதை, பூச்சாண்டி படம்: பசங்களுக்கு எப்படி காட்டுறது

கதையில வர்ற ராட்சசன், ஓநாய், சூனியக்காரி எல்லாத்தையும் கட் பண்ணிட்டு சொன்னா பசங்களுக்கு நல்லதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, அப்படி எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, சிவப்பு தொப்பி பொண்ணு கதையில ஓநாய எடுத்துட்டா ஒரு பொண்ணு பாட்டி வீட்டுக்கு போனா வந்தா அவ்ளோதான், அதை எந்த குழந்தை ரெண்டாவது தடவ கேக்கும் சொல்லுங்க. பயம் இருக்கட்டும். எந்த படத்தை காட்டுறோம், எப்போ காட்டுறோம்ங்கறதுல தான் வேலையே இருக்கு.

புக்கு வாங்கும்போது ராட்சசன் மூஞ்சி எவ்ளோ கோரம்னு பாக்காதீங்க, பக்கத்துல நிக்கிற ஆளு மூஞ்சிய பாருங்க. குழந்தை தன்னை அந்த ஆளோட தான் சேத்துக்கும். பழைய அம்புலிமாமால ஓவியர் சங்கர் வரைஞ்ச விக்ரமாதித்தன் வேதாளம் படம் ஞாபகம் இருக்கா, நடுராத்திரி, சுடுகாடு, தோள்ல பொணம் தொங்குது, ஆனா ராஜா கையில கத்தியோட பாட்டுக்கு நடந்து போறாரு. அவர் பயப்படல, அதனால பாக்குற பையனும் தாங்கிக்கறான். இதுக்கு நேர் எதிர் படம்னா 1860கள்ல பிரான்ஸ்ல குஸ்தாவ் தோரேங்கற ஓவியர் அந்த சிவப்பு தொப்பி பொண்ணு கதைக்கு வரைஞ்சது. ஓநாய் பாயவும் இல்ல கடிக்கவும் இல்ல, பாட்டியோட தொப்பிய போட்டுக்கிட்டு சும்மா கட்டில்ல படுத்துருக்கு, பக்கத்துல அந்த பொண்ணு போர்வைய இழுத்து புடிச்சிக்கிட்டு அதையே பாக்குறா. பயம் பூரா அவ கண்ணுல இருக்கு. ரத்தம் ஒரு சொட்டு இல்லாத இந்த படத்தை அஞ்சு வயசு குழந்தைக்கு ராத்திரி படுக்கையில காட்ட வேணாம்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னா அதுவும் அப்போ அதே மாதிரி போர்வைக்குள்ள தான் இருக்கும். பகல்ல திண்ணையில உக்காந்து காட்டுங்க.

புக்கு காசு போட்டு தான் வாங்கணும்னு இல்ல. தர்மபுரி அரசு மியூசியத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டு போங்க, அங்க நடுகல்லு நிறைய இருக்கு. நம்ம பக்கம் புலியோட சண்டை போட்டு செத்தவங்களுக்கு வெச்ச புலிக்குத்தி கல்லும் உண்டு, அதுல வீரன் ஆயுதத்தோட நேரா நிப்பான். அந்த ஆளு செத்துட்டான், ஆனா கல்லுல தோத்துப்போன மாதிரி செதுக்கல. இந்த கல்ல காட்டிட்டு "இப்ப புலி என்ன பண்ணிருக்கும்?"னு கேட்டு பாருங்க, கதைய பசங்களே சொல்லிடுவாங்க.

அடுத்தது டைமிங். இதுக்கு கூத்து பாருங்க போதும், வேற கிளாஸ் தேவையில்ல. துரியோதனன் எடுத்தவொடனே மேடைக்கு வந்துட மாட்டான், ரெண்டு பேரு திரைய புடிச்சிக்கிட்டு நிப்பாங்க, சலங்கை சத்தம் கேக்கும், பின்னாடி பாட்டு, திரை ஆடும், அப்புறம் கிரீடம் மட்டும் மேல தெரியும். கூட்டம் எக்கி எக்கி பாக்கும். அதே தான் பக்கம் திருப்பும்போதும். அடுத்த பக்கத்துல ராட்சசன் வரான்னா இந்த பக்கத்துலயே அவன் காலடி சத்தத்த சொல்லுங்க, கொஞ்சம் நிறுத்துங்க, பக்கத்தை குழந்தைய திருப்ப சொல்லுங்க. அது கை வெக்கலன்னா நீங்களா திருப்பாதீங்க, "சரி நாளைக்கு பாக்கலாம்"னு மூடி வெச்சிடுங்க. மொபைல்ல வர்ற பேய் வீடியோ வேணாங்கறது இதுக்கு தான், அது யாரையும் கேக்காம டமார்னு மூஞ்சிய கொண்டாந்து காட்டிரும்.

கூத்துல கட்டியங்காரன் ஒருத்தன் இருப்பான் பாருங்க, எவ்ளோ பெரிய ராஜா வந்தாலும் நக்கல் அடிப்பான். வீட்டு கதையிலயும் அப்படி ஒருத்தன வெச்சிக்கங்க. ராட்சசனுக்கு சளி புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை போதும், இல்ல களி உருண்டை தொண்டையில சிக்கிக்கிச்சுன்னு சொல்லுங்க. ஆனா காமெடியிலயே முழு கதையும் ஓட்டிடாதீங்க, அப்புறம் ஜெயிச்சதுக்கு மதிப்பே இல்லாம போயிரும்.

முடிவ முழுங்காதீங்க. அதே சிவப்பு தொப்பி கதைய பிரான்ஸ் எழுத்தாளர் பெரோ 1697ல எழுதுனதுல ஓநாய் அந்த பொண்ண தின்னுரும், அதோட கதை முடிஞ்சிது. ஜெர்மனியில கிரிம் சகோதரர்கள் 1812ல போட்ட கதை புக்குல வேட்டைக்காரன் வந்து ஓநாய் வயித்த அறுத்து பாட்டி, பொண்ணு ரெண்டு பேரையும் வெளிய எடுப்பான், அப்புறம் வயித்துல கல்ல போட்டு ரொப்பிருவாங்க, ஓநாய் செத்துரும். வயித்த அறுக்குறது கொடூரம்னு அந்த எடத்தை மட்டும் தாண்டி போறவங்க இருக்காங்க, அப்படி பண்ணா ஓநாய் எங்க போச்சுன்னு குழந்தைக்கு தெரியாது, ராத்திரி கட்டில் அடியில தேடும். அது செத்துச்சுன்னு தெளிவா சொல்லிடுங்க. இன்னொன்னு, அதே கிரிம் புக்குல வர்ற ஹான்ஸலும் கிரெட்டலும் கதையில பசங்கள காட்டுல விடச் சொல்றது 1812 பதிப்புல பெத்த அம்மா தான், பின்னாடி வந்த பதிப்புல தான் அவங்கள சித்தியா மாத்துனாங்க. அந்த மாத்தம் சின்ன பசங்களுக்கு நல்லது தான், ஆனா உங்க வீட்லயே சித்தி இருந்தா யோசிச்சிக்கங்க.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருக்கறவங்களுக்கு ஒன்னு. ராகி முத்துற சமயத்துல நெஜமாவே யானை கொல்லைக்கு வருது, அப்பா ராத்திரி காவலுக்கு போறாரு. அந்த வீட்டு குழந்தைக்கு யானைய பூதமாக்கி கதை சொல்லாதீங்க, அதுக்கு வேற ஏதாவது வேணும், கொம்பு வெச்ச அரக்கன்னா தாராளமா சொல்லலாம். அதே மாதிரி சோறு திங்கலன்னா பூச்சாண்டி புடிச்சிக்குவான்னு மிரட்டறதும் கதையில சேராது, அது வெறும் மிரட்டல்.

ரொம்ப பயப்படுற பசங்கள பென்னாகரம் பக்கம் முனியப்பன் கோயிலுக்கு கூட்டிட்டு போய் பாருங்க. முட்ட கண்ணு, முறுக்கு மீசை, கையில அருவா, படத்துல பாத்தா அலறும், ஆனா அங்க ஆயா அவர் காலடியிலயே உக்காந்து பொங்க வெச்சிக்கிட்டு இருக்கும், கூட்டம் கூட்டமா பசங்க சுத்தி ஓடும். பயங்கரமான மூஞ்சி நம்ம பக்கமும் நிக்கும்னு சொல்லி புரிய வெக்க முடியாது, பாத்தா சட்டுனு புரிஞ்சிரும்.

கடைசியா வரைய விடுங்க. சாக்பீஸ், கரி, கோலமாவு எதுவா இருந்தாலும் சரி. ராட்சசன கால்ல இருந்து ஆரம்பிக்க சொல்லுங்க, மூஞ்சி கடைசில. வரைஞ்சி முடிச்சதும் அவனுக்கு எதை கண்டா பயம்னு கேளுங்க, அந்த பொருளையும் பக்கத்துலயே வரைய சொல்லுங்க. அதே ராட்சசன தெனமும் கேட்டா தெனமும் சொல்லுங்க, வார்த்தைய மாத்தாம.